மோந்து பார்க்காத பூ

இருபத்தேழு வயது ஆண்பிள்ளையை டெலிபோனில் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானே நிறைய சிரித்திருக்கிறேன். நான் முந்திக்கொள்ளாவிட்டால் அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில், கோயிலுக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பூக்கடை. அப்பா வாரத்தில் மூன்று நாள் வேனை எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் பூ வாங்கப் போய்விடுவார். கடை அம்மாவின் ராஜ்யம். டெலிபோன் எடுப்பது என் வேலை. "ஆன்ட்டி, கல்யாண மாலை ரெண்டு ஜோடி வேணும்" என்பார்கள். "சரிங்க" என்று எழுதிக்கொள்வேன். திருத்தினால் எதிர்ப்பக்கம் சட்டென்று பேச்சு நின்றுவிடும். அதைக் கேட்பதற்கு ஆன்ட்டியாகவே இருந்துவிடலாம் என்று பழகிவிட்டேன்.

குரல் உடையவில்லை. மீசை முளைக்கவில்லை. பிளேடு வாங்கியதே கிடையாது. கையும் காலும் மட்டும் நீண்டுகொண்டே போய், முகம் பதினான்கு வயதில் நின்றுவிட்டது. என்னோடு படித்தவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலை வாங்க வருவார்கள். "என்னா பாலா, நீ மட்டும் அப்படியே இருக்கியே" என்பார்கள். உடம்பில் மற்ற இடங்களிலும் அப்படியேதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அம்மா மட்டும், "ஒல்லி உடம்பு. கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தத் தீர்ப்பின்படி சுங்கை வேயில் ஒரு பெண் பார்த்தார்கள். அங்கே ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண், பெயர் வாசுகி. வரவேற்பறையின் ஓரத்தில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள்.

"பூக்கடையில இருக்கீங்க. உங்களுக்கு என்ன பூ பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"மல்லிதான். அந்த வாசனைக்கே."

அவள் சிரித்தாள். நான் சொன்னது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் சம்மதம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து பூ வைப்பது, அதாவது நிச்சயம், என்று நாள் குறித்தார்கள். எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டார்கள், நான் மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு நான் புருஷனாக இருக்க முடியுமா, அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியுமா, அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். பூ வைப்பதற்குள் தெரிந்தாக வேண்டும்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வயிற்றில் கேஸ்ட்ரிக் என்று வீட்டில் சொன்னேன். எங்கள் ஊரில் கேஸ்ட்ரிக் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் இருக்கிறது.

ஹார்மோன் பிரிவின் வெளியே நீள பெஞ்சுகள். கழுத்து வீங்கியவர்கள், சர்க்கரைக்காரர்கள், அவர்களைக் கூட்டி வந்த மகன்கள், மருமகள்கள். என் எண்ணை ஒரு தாதி கூப்பிட்டார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்போம். நான் எழுந்தபோது அவர் கண் என்னைத் தாண்டிப் பின்னால் போய் என் அப்பாவைத் தேடியது. "நான்தான்" என்றேன். என் குரலைக் கேட்டு பெஞ்சே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் லிம் நாற்பது வயதுச் சீனப் பெண்மணி. வேகமாகப் பேசுவார், ஆனால் அவசரப்படுத்தமாட்டார். உடம்பை அளந்தார், வரிசையாகக் கேள்வி கேட்டார். தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, தலையில் எப்போதாவது அடிபட்டதா.

"ஸ்மெல் ஓகே?"

"ஓகே, டாக்டர்."

இந்த இரண்டு சொல்லுக்காக நான் ஐந்து வாரம் செத்துப் பிழைத்தேன். மூக்கில் கோளாறு இல்லை என்று குறித்துக்கொண்ட டாக்டர், சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி இருந்தாலும் உடம்பு இப்படி வளராமல் நின்றுவிடலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், சில நாள் வார்டில் தங்க வேண்டும் என்றார். இடம் கிடைக்க ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் தலைக்குள் கட்டியோடு உட்கார்ந்து கல்யாண மாலைகளுக்கு ஆர்டர் எழுதினேன். சரத்தை வெட்டும் கத்திரிக்கோல் சத்தம் கேட்டால்கூட ஆப்பரேஷன் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாளே பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காவின் கணவர் ரயில்வேயில் வேலை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள் என்று அவர்களிடமும் பொய்தான். மறுநாள் சேர்க்கைக் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, குழந்தைகள் வார்டு அடுத்த கட்டடம் என்று கை காட்டினார். ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து முன்னால் வைத்தேன். பிறந்த தேதியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

ஆண்கள் வார்டில் பதினாறு கட்டில். எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் நான்கு நாளும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு இருந்தேன். குளிக்க எல்லோரும் போய் வந்த பிறகு போனேன். பார்வையாளர் நேரத்தில் வார்டே சந்தையாகிவிடும், என் கட்டிலைச் சுற்றி மட்டும் காலி இடம். பக்கத்துக் கட்டிலுக்கு நாற்காலி போதாமல் என் நாற்காலியை இரவல் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

அக்கா புருஷன் மட்டும் தினமும் ஷிஃப்ட் முடிந்து, சாயங்காலப் பார்வை நேரம் முடியும் தறுவாயில், டிபன் கேரியரோடு வருவார். திறந்தால் கஞ்சி. உப்பு மட்டும் போட்ட கஞ்சி, நாலு அடுக்கிலும்.

"கேஸ்ட்ரிக்குக்கு இதான் நல்லதாம். அக்கா சொல்லுச்சு" என்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேப்பரைப் படித்துவிட்டு, கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதிகம் பேசாத மனிதர். அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். ஒரு தடவை "மாமா" என்றுகூட ஆரம்பித்தேன். "என்னா, சூடு பத்தலயா?" என்று கேட்டார். "இல்ல, பத்தும்" என்று சொல்லிக் கஞ்சியைக் குடித்துவிட்டேன். சொன்ன பொய்க்கு நாக்கு அனுபவித்தது.

ஸ்கேனில் கட்டி இல்லை. டாக்டர் லிம் அதைச் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அரை மணி நேரம்தான் அந்தச் சந்தோஷம். கட்டி இல்லையென்றால் பிறகு என்ன? கட்டி என்றால் ஊருக்குச் சொல்ல ஒரு பெயராவது கிடைத்திருக்கும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு என் கையில் ஊசிக் குழாயைப் பொருத்தினார்கள். மாலை நான்கு மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அதன் வழியே கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். எதற்கு என்று டாக்டர் லிம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் சில செல்கள் இருக்கின்றன. மொத்தமே ஓர் ஆயிரம், இரண்டாயிரம்தான். ஒரே இடத்தில் கூடியும் இருப்பதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தனையும் சேர்ந்து, ஒரே சமயத்தில், துளி ஹார்மோனை விடுகின்றன. அது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி தன் ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் குரல் உடையும், மீசை வரும், பிள்ளை பிறக்க வழி உண்டாகும். விட்டு விட்டுத்தான் தட்ட வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் பிட்யூட்டரி காது கேளாதது மாதிரி கிடந்துவிடும். அந்தத் தட்டு விழும்போதெல்லாம் ரத்தத்தில் பிட்யூட்டரி ஹார்மோன் ஏறி இறங்கும். எனக்கு ஏறுகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ரத்தம்.

"எல்லாம் ஒரே நேரத்துல விடணும்னு யார் சொல்றது, டாக்டர்?"

"அது எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது" என்றார். தலைவன் என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லையாம். கண்ணாடித் தட்டில் போட்டு வளர்த்தால்கூட, கொஞ்ச நாளில் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போய்ச் சேர்ந்து துடிக்கின்றனவாம்.

எனக்கு எங்கள் கடை ஞாபகம் வந்தது. ஐந்து அக்காமார் வட்டமாக உட்கார்ந்து பூத் தொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கதை, ஒரே இரைச்சல். யாரும் சொல்லாமலே ஒரு நேரத்தில் ஐந்து பேச்சும் நிற்கும், ஐந்து கையும் சரத்தை உதறி முடிச்சுப் போடும். இத்தனை வருஷத்தில் அதை யார் ஆரம்பிக்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்ததில்லை.

ரத்தம் எடுக்க வந்தவர் லெட்சுமி மிஸ்ஸி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு கேள்வி கேட்பார், குழாயில் எண் எழுதிக்கொண்டு போவார். எங்கள் பேச்சே துண்டு துண்டாகத்தான் நடந்தது.

"வீட்டுல யாரும் வரலையா, தம்பி?"

"கேஸ்ட்ரிக்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பத்து நிமிடம் கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இவ்ளோ பெரிய விசயத்த ஏன் தம்பி தனியாவே தூக்கிட்டு வந்தீங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தேன், ஊசி நகர்ந்துவிடக்கூடாதே.

மத்தியானப் பார்வை நேரம் முடியும்போது வார்டின் தலைமைத் தாதி உள்ளே வந்தார். மலாய்க்கார அம்மா, அவர் நடை சத்தத்துக்கே வார்டு எழுந்து உட்காரும். வாசலிலேயே நின்றார்.

"சியாப்பா பாவா டுரியான் நி?" யார் இங்கே டுரியான் கொண்டு வந்தது என்று கேட்கிறார். கடுமையான வாசனைக்காக ஆஸ்பத்திரிக்குள் தடை செய்யப்பட்ட பழம் அது. சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் சிரிப்பை அடக்கினார்கள். அவர் ஒவ்வொரு கட்டிலாக வந்து என்னிடம் நின்றார். குனிந்து என் கட்டிலுக்கு அடியிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை இழுத்தார். பிளந்த பழம், மஞ்சளாக, பாதி சாப்பிட்டது.

பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவர், பாக்சிக் ஹமிட், சர்க்கரைக்காரர். ஆசைக்கு மகன் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். தாதி வருவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன் மலாயில்.

"தெரியாதா? கீழ் மாடிவரைக்கும் நாறுது. உன் தலைக்குக் கீழ இருக்கு. தெரியாதா?"

"எனக்குத் தெரியாது" என்று மறுபடியும் சொன்னேன். சத்தம் கேட்டு வந்திருந்த டாக்டர் லிம் கட்டில் காலருகே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் மூன்று சிறு புட்டிகளோடு திரும்பி வந்தார். கண்ணை மூடச் சொன்னார். முதல் புட்டியை மூக்கருகே பிடித்தார். "காப்பி" என்றேன். இரண்டாவதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "அதுவும் காப்பி" என்றேன். மூன்றாவது மூக்கில் சுரீர் என்றது. அது மட்டும் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் இரண்டாவது கிராம்பு எண்ணெய், மூன்றாவது அம்மோனியா. அம்மோனியா எரிச்சல்தான், வாசனையில் சேராது என்றார். முதலாவது வெறும் தண்ணீர்.

"பாலன், பூக்கடையில் வேலை செய்கிறாய். பூ வாசனை தெரியவில்லை என்று உனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா?"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. எங்கள் கடைப் பூ சாமிக்குப் போவது. சாமிக்குப் போகும் பூவை மோந்து பார்க்கக்கூடாது, மோந்தால் எச்சில் பட்ட மாதிரி. தவழும் வயதிலிருந்தே அம்மா என் கையிலிருந்து பூவைப் பிடுங்கி, "மோந்து பாக்காத" என்று சொல்லி வளர்த்தார். பூவை மூக்கருகே கொண்டு போகாத பிள்ளை என்று எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. மற்றவர்கள் "என்னா வாசம்" என்றால் நானும் "என்னா வாசம்" என்பேன். "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிற மாதிரி, அது பேச்சுக்குச் சொல்வது என்றே நினைத்திருந்தேன். இதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அதற்குள் லெட்சுமி மிஸ்ஸி இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாக்சிக், "மாஃப் லா, டிக்" என்று கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும், அது அவருக்குத் தெரியாது.

முடிவுக்காக மறுபடியும் போனபோது டாக்டர் லிம் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று சாதாரண ஆள் ஒருவருடையது, மேடும் பள்ளமும், மேடும் பள்ளமும். இன்னொன்று என்னுடையது. அடியோடு ஒட்டிய ஒரே கோடு, ஒரு மேடுகூட இல்லை.

அந்தச் செல்கள் மூளையில் பிறப்பதில்லை, மூக்கில் பிறக்கின்றன என்றார். கரு வயிற்றில் இருக்கும்போதே, வாசனை நரம்பு போகும் பாதையைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் நடந்து போகின்றன. இது அண்மையில்தான் தெரிய வந்ததாம். எனக்கு அந்தப் பாதையே போடப்படவில்லை. அதனால் வாசனையும் இல்லை, செல்களும் வழியில் நின்றுவிட்டன. அவை ஒன்றுகூடி ஒரு தடவைகூடத் தட்டவில்லை. பிட்யூட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இருபத்தேழு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

"சரி பண்ண முடியுமா?"

அந்தத் தட்டை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்றார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன பம்பு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தோலுக்கடியில் ஒரு துளி செலுத்தும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகும். ஆணாகலாம். பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். வாசனை மட்டும் வராது.

பூ வைக்க ஒன்பது நாள் இருந்தது. கிள்ளான் பஸ் நிற்கும் இடத்தில் பொதுத் தொலைபேசியிலிருந்து வாசுகியின் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவளே எடுத்தாள். சில்லறையைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மல்லி வாசனையில் ஆரம்பித்து, பிள்ளை பிறக்காமல் போகலாம் என்பதுவரை. கடைசிக் காசையும் போட்டேன்.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடியே சொன்னீங்களே" என்றாள். அவள் குரல் கரகரத்தது. "எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க."

இரண்டு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்று தகவல் வந்தது. அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அன்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"இருபத்தேழு வருசமா பூவுக்குள்ளயே ஒக்காந்திருக்க. வாசம் தெரியலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலயாடா?"

"மோந்து பாக்காதன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

இந்த நோய்க்கு யாரும் காரணம் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். யாரையாவது நோகடிக்க வேண்டும் போலிருந்தது, அம்மாதான் பக்கத்தில் இருந்தார். அம்மா கையிலிருந்த சரத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பல மாதம், சாப்பிடு, கடையைத் திற, ஆர்டரைப் பார் என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

பம்பு வந்தது. சட்டைக்கு அடியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை "ட்ரிக்" என்னும். ஆயிரம் செல்கள் கூடிச் செய்யும் வேலையை அது ஒற்றை ஆளாகச் செய்தது. ஐந்தாம் மாதம் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆனது, பிறகு அது விடவே இல்லை. மேலுதட்டில் நிழல் தட்டியது. டெலிபோனில் ஒருவர் "அண்ணே" என்றார். திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. முப்பதை நெருங்கும் வயதில் பதின்மூன்று வயதுக்காரனின் பருக்களோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. கடைசி விந்துப் பரிசோதனையில் டாக்டர் லிம், "இருக்கு, கொஞ்சம்தான், ஆனா இருக்கு" என்றார். பிள்ளைக்கு வழி உண்டு என்று அர்த்தம். அதையும் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை கடையில் நானும் அம்மாவும் மட்டும். கோயிலுக்குப் போகவேண்டிய மல்லிச் சரத்தை அம்மா ஈரத்துணியிலிருந்து எடுத்தார். என் இடுப்பில் "ட்ரிக்" என்றது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு."

"அம்மா, இது கோயிலுக்கு."

"தெரியும். மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். நெஞ்சு நிறைய இழுத்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனது, அவ்வளவுதான். என்னா வாசம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல."

அம்மா தலையாட்டினார்.

"எப்படிம்மா இருக்கும்?"

யோசித்தார். முப்பது வருஷமாகப் பூவிலேயே இருப்பவர். "நானும் கிட்டக்க வச்சு மோந்து பாத்ததில்லடா" என்றார். சரத்தைத் தன் மூக்கோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, நான் இழுத்த மாதிரியே இழுத்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"சில்லுன்னு இருக்குடா" என்றார் கடைசியில்.

அந்தச் சரம் கோயிலுக்குப் போகவில்லை. அம்மா அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வேறு சரம் தொடுக்க உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.